அட்டைக்கு மயில் தெரியுமா? செயற்கை நுண்ணறிவும் படைப்பும் பற்றி ஓர் எளிய விளக்கம்

சேலம் அம்மாபேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் இரண்டு தறிகள் இருந்தன. தறிக்கு மேலே, விட்டத்தை ஒட்டி, ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலை போலத் தொங்கும். அப்பா நெய்ததைவிட அட்டை குத்தியதுதான் அதிகம். கட்டம் போட்ட தாளில் முதலில் மயிலை வரைவார். பிறகு ஒவ்வொரு கட்டமாக எண்ணி, எங்கே துளை வேண்டும், எங்கே வேண்டாம் என்று முடிவு செய்து குத்துவார். சிறுவனாக இருந்தபோது ஒருநாள் அந்த அட்டைக் கட்டைத் தரையில் விரித்து, மயில் எந்த அட்டையில் இருக்கிறது என்று தேடினேன். வரிசை வரிசையாகத் துளைகள் மட்டுமே இருந்தன.

சென்ற மாதம் அண்ணன் மகள் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து, "பட்டுச் சேலை முந்திக்கு மயிலும் மாங்காயும் கலந்த டிசைன்" என்று தமிழில் எழுதினாள். ஒரு நிமிடத்திற்குள் நான்கு படங்கள் வந்தன. அப்பா மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "நன்றாக இருக்கிறதே, யார் போட்டது?" என்று கேட்டார். "நான்தான் தாத்தா" என்றாள். உடனே, "இல்லை, கணினி போட்டது" என்றாள். அப்புறம் அவளுக்கே இரண்டும் சரியாகப் படவில்லை, பேசாமல் இருந்தாள்.

செயற்கை நுண்ணறிவையும் கலையையும் பற்றித் தத்துவ அறிஞர்கள் இன்று நடத்தும் விவாதத்தின் பெரும்பகுதி அவளுடைய அந்தத் தடுமாற்றத்தில் அடங்கியிருக்கிறது. நான் பள்ளியில் தமிழ் நடத்துகிறவன். கணினி என் துறை அல்ல. ஆனால் தறி வீட்டில் பிறந்தவன் என்பதால், இதை எங்கிருந்து பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஓரளவு தெரியும் என நினைக்கிறேன்.

தறியிலிருந்தே தொடங்கலாம். ஜக்கார்டு பெட்டியில் வரிசையாக ஊசிகள் இருக்கின்றன. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி, தறியில் நீளவாக்கில் ஓடும் தன் பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னால் தள்ளப்படும். இழை கீழேயே கிடக்கும். தூக்கிய இழைகளுக்கும் கிடக்கும் இழைகளுக்கும் நடுவே, குறுக்கு நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும். அடுத்த அட்டை வரும். 1804-ல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு இதை உருவாக்கினார். பிற்காலத்தில் அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்கு ஏறத்தாழ 24,000 அட்டைகள் பிடித்தன. அந்தப் பட்டுப் படம் ஒன்றை லண்டனில் பெருமையோடு வைத்திருந்தவர் சார்லஸ் பாபேஜ். இதே துளையட்டைகளைக் கொண்டு கணக்குப் போடும் ஓர் எந்திரத்தை அவர் திட்டமிட்டிருந்தார்.

அந்த எந்திரத்தைப் பற்றி 1843-ல் விரிவான குறிப்புகள் எழுதியவர் அடா லவ்லேஸ். ஜக்கார்டு தறி பூவையும் இலையையும் நெய்வதைப் போல இந்த எந்திரம் இயற்கணிதக் கோலங்களை நெய்கிறது என்றார். இசையைக்கூட அது அமைக்கலாம் என்று அந்தக் காலத்திலேயே ஊகித்தார். ஆனால் கூடவே ஒரு வரம்பும் கட்டினார்: எதையும் தானாகத் தோற்றுவிப்பதாக இந்த எந்திரம் உரிமை கொண்டாடவில்லை, எப்படிச் செய்வது என்று நாம் கட்டளையிடத் தெரிந்ததை மட்டுமே அது செய்யும். வேறு விதமாகச் சொன்னால், அட்டைக்கு மயில் தெரியாது. மயில் அப்பாவுக்குத்தான் தெரியும்.

நூற்றேழு ஆண்டுகள் கழித்து, 1950-ல், ஆலன் டூரிங் இதற்குப் பதில் சொன்னார். எந்திரங்கள் என்னை அடிக்கடி வியப்பில் ஆழ்த்துகின்றன என்றார். அதைவிட ஆழமான ஒன்றையும் கேட்டார்: ஒருவர் தாமே புதிதாகச் செய்ததாக நினைக்கும் வேலை, ஆசிரியர் விதைத்த விதையின் வளர்ச்சிதான் என்பதை யாரால் உறுதியாக மறுக்க முடியும்? இந்தக் கேள்வியை நான் எளிதில் கடந்துவிடுவதில்லை. என் மாணவர்கள் எழுதும் முதல் கவிதைகளில் அவர்கள் படித்த கவிதைகளின் குரல் அப்படியே கேட்கிறது. அதற்காக அவர்களை நான் அட்டை என்று சொல்வதில்லை.

இன்றைய கருவிகள் அப்பாவின் அட்டையிலிருந்து ஒரு முக்கியமான இடத்தில் விலகிவிட்டன. இவற்றுக்குத் துளை குத்துபவர் யாரும் இல்லை. மயிலை எப்படி வரைவது என்று யாரும் விதி எழுதிக் கொடுக்கவில்லை. பிறகு எப்படி வரைகிறது?

ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்னும் இடத்தில் மூடுபனிக் காலையில் நின்றவர்களுக்கு இதைப் புரிய வைப்பது சுலபம். கீழே சேலம் நகரம் இருக்கிறது. ஆனால் கண்ணுக்கு வெண்மை மட்டும்தான் தெரியும். மலையிலேயே வாழ்கிறவர் பக்கத்தில் நின்றால், "அதோ அந்தக் கறுப்புத் திட்டுதான் மலைப்பாதை, அந்த மங்கல் வெளிச்சம் ஊர்" என்று காட்டுவார். பனி விலகுவதற்குள் அவர் மனத்தில் காட்சி முழுதாக வந்துவிட்டது. அத்தனை முறை பார்த்திருக்கிறார். படம் வரையும் கருவிக்கும் இதே பயிற்சிதான். கோடிக்கணக்கான படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் சிறிது சிறிதாகப் புள்ளிகளைத் தூவி, கடைசியில் வெறும் புள்ளிக் குழப்பமாக ஆக்குகிறார்கள். அதிலிருந்து ஒவ்வொரு படியாகப் பின்னோக்கித் துடைக்கக் கருவி பழகுகிறது. படத்தோடு இருந்த குறிப்புச் சொற்களையும் சேர்த்தே பழகுகிறது. பழகி முடித்ததும், எந்தப் படத்திலிருந்தும் வராத வெறும் புள்ளிகளைக் கொடுத்து "மயில்" என்கிறோம். மயில் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படித் துடைத்துக்கொண்டே போகிறது.

இங்கே ஒரு வேறுபாட்டை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். ஏற்காட்டுப் பனிக்குப் பின்னால் ஓர் ஊர் இருக்கிறது. காட்டியவர் சொன்னது தவறென்றால் பனி விலகியதும் தெரிந்துவிடும். கருவியின் புள்ளிப் பனிக்குப் பின்னால் எதுவும் இல்லை. அது துடைத்துக் காட்டும் மயில் எங்கும் நின்றதில்லை. அதனால்தான் அது புதிது என்கிறார்கள் ஒரு சாரார். அதனால்தான் அது எதைப் பற்றியதும் அல்ல என்கிறார்கள் மறு சாரார். எழுதும் கருவிகளும் ஏறத்தாழ இப்படித்தான்: இதுவரை வந்த சொற்களுக்குப் பிறகு எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்தே பத்திகளைக் கட்டுகின்றன.

"புதிது" என்றால் என்ன என்பதிலேயே குழப்பம் இருப்பதால், அதைப் பிரித்துக் காட்டிய பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் மார்கரெட் போடனைத் தெரிந்துகொள்வது நல்லது. ஒரு கருத்தோ பொருளோ புதியதாகவும், வியப்பளிப்பதாகவும், மதிப்புடையதாகவும் இருந்தால் அது படைப்பு என்றார். அந்தப் படைப்பு மூன்று வகையில் பிறக்கலாம் என்றும் சொன்னார். முதல் வகை, இருப்பவற்றை இதுவரை சேராத விதத்தில் சேர்ப்பது. எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தட்டுவடை ஏற்கெனவே இருந்தது, சட்னி இருந்தது, கேரட்டும் பீட்ரூட்டும் இருந்தன. இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே அவற்றை வைக்கத் தோன்றியதே, அந்தத் தோன்றல்தான் இந்த வகை. செயற்கை நுண்ணறிவு இதில் மிகவும் வலுவானது.

இரண்டாவது வகை, ஒரு விதித்தொகுப்புக்குள் இதுவரை யாரும் போகாத மூலைக்குப் போவது. சிக்குக் கோலம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. புள்ளிகளைச் சுற்றிக் கம்பி ஓட வேண்டும், தொடங்கிய இடத்தில் வந்து முடிய வேண்டும். இந்தச் சில விதிகளுக்குள் அத்தனை கோலங்கள். இந்த விதிகளை முறையான இலக்கணமாக எழுதிவிடலாம் என்று 1974-லேயே காட்டியவர்கள் நம்மவர்கள்: சென்னை கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனும். படம் வரையும் இன்றைய கருவிகள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தாம்பரத்தில் கோலமும் கணினியும் சந்தித்துவிட்டன என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தரும் செய்தி. இந்த இரண்டாவது வகையில் எந்திரம் மனிதரைத் திகைக்க வைத்தது 2016 மார்ச்சில். சியோலில் 'கோ' என்னும் பலகை விளையாட்டை அதன் பெரும் வீரர் லீ செடோலுடன் ஆடிய ஆல்ஃபாகோ என்ற கணினி நிரல், இரண்டாவது ஆட்டத்தின் 37-வது நகர்வில் எந்த வல்லுநரும் வைக்காத இடத்தில் காயை வைத்தது. பார்த்தவர்கள் முதலில் பிழை என்றே நினைத்தார்கள். அந்த ஆட்டத்தில் அதுவே வென்றது.

மூன்றாவது, விதியையே மாற்றுவது. யாப்பைத் துறந்து புதுக்கவிதை பிறந்ததைப் போல. எந்திரம் இதைச் செய்யுமா என்பதில்தான் பெரும் சண்டை. என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். யாப்பை விட்டவர்களுக்கு அது போதவில்லை. சொல்ல வந்தது அதற்குள் அடங்கவில்லை. போதவில்லை என்று உணர்வதற்கு, சொல்ல ஏதேனும் இருக்க வேண்டும். விதியை மீறிய ஒரு வரியை எந்திரம் தற்செயலாகத் தரலாம். அது தேவைப்பட்டு மீறியது என்று எப்படிச் சொல்வது?

இந்தத் "தேவை" என்ற இடத்திற்கு வந்ததும் எனக்கு நன்னூல்தான் நினைவுக்கு வருகிறது. நன்னூலின் பாயிரம், ஒரு நூலுக்கு முன்னுரை எழுதினால் எட்டுச் செய்திகள் சொல்ல வேண்டும் என்கிறது. "ஆக்கியோன் பெயரே வழியே எல்லை, நூற்பெயர் யாப்பே நுதலிய பொருளே, கேட்போர் பயனோடு ஆயெண் பொருளும்" என்பது அந்த நூற்பா. எழுதியவர் பெயர், அது வந்த வழி, வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, பொருள், கேட்பவர், பயன். அண்ணன் மகளின் மயில் படத்தை எடுத்துக்கொண்டு இந்த எட்டையும் கேட்டுப் பார்த்தேன். பின் ஆறுக்கும் ஏதோ ஒரு பதில் கிடைக்கிறது. முதல் இரண்டில், ஆக்கியோன் பெயரிலும் வழியிலும், நின்றுவிட்டேன். செயற்கை நுண்ணறிவுக் கலை பற்றிய உலக விவாதம் முழுவதும் இந்த இரண்டு சொற்களில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று அப்போது பட்டது.

ஆக்கியோன் பெயரை முதலில் பார்ப்போம். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஒரு மங்கலான மனித உருவப்படத்தை 4,32,500 டாலருக்கு விற்றது. 14-ஆம் நூற்றாண்டிலிருந்து 20-ஆம் நூற்றாண்டு வரையிலான சுமார் 15,000 உருவப்படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட நிரல் உருவாக்கிய படம் அது. ஓவியர் கையெழுத்து இருக்க வேண்டிய மூலையில் ஒரு கணிதச் சூத்திரத்தின் துண்டு இருந்தது. பணம் பெற்றது பாரிஸ் நகரத்து மூன்று இளைஞர் குழு. அவர்கள் பயன்படுத்திய நிரலோ, வேறோர் இளைஞர் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து வைத்திருந்ததை ஒட்டியது. ஆக்கியோன் யார்? சூத்திரமா, மூவரா, நிரலை எழுதியவரா, அந்தப் பதினைந்தாயிரம் படங்களையும் வரைந்தவர்களா?

சட்டம் இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிடுகிறது. நம் நாட்டின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், கணினி உருவாக்கிய படைப்புக்கு அதை உருவாகச் செய்த நபரே ஆசிரியர் என்கிறது. அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று 2025 மார்ச்சில், மனித ஆசிரியர் இல்லாமல் பதிப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. ஆனால் "உருவாகச் செய்தவர்" யார் என்ற இடத்தில் தத்துவம் மறுபடியும் தொடங்குகிறது.

"கேமராவும் எந்திரம்தானே?" என்று பலர் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. எந்திரம் எடுத்தது எப்படிக் கலையாகும் என்று புகைப்படத்தையும் ஒரு காலத்தில் மறுத்தார்கள். 1884-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் படம் ஒன்றை முன்வைத்து, அவரை எப்படி உட்கார வைப்பது, ஒளி எங்கிருந்து விழுவது என்று முடிவு செய்தவர் புகைப்படக்காரர், எனவே அது அவர் படைப்பு என்றது. சேலத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் நுழைவு வளைவு இன்றும் நிற்கிறது. அதற்குள் நடந்ததெல்லாம் எந்திரத்தின் வேலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருந்தாலும் கேமராவுக்கும் இந்தக் கருவிக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. கேமராவின் வயிற்றுக்குள் மற்றவர்கள் எடுத்த படங்கள் இல்லை.

வழி என்ற இரண்டாவது கேள்வி அங்கேதான் வருகிறது. 2022-ல் வெளிவந்து பரவலான ஸ்டேபிள் டிஃப்யூஷன் என்னும் கருவி, லேயான் என்ற பெருந்தொகுப்பின் பகுதிகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது. அந்தத் தொகுப்பில் அப்போது 585 கோடி படங்களுக்கான இணைய முகவரிகளும் அவற்றுக்கான குறிப்புச் சொற்களும் இருந்தன. வரைந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. பல நாட்டு ஓவியர்கள் கோபப்படுவதன் காரணம் இதுவே.

முன்னோரிடமிருந்து எடுப்பது தமிழில் குற்றமே அல்ல. நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என்று மூன்றாகப் பிரிக்கிறது. வால்மீகியிடமிருந்து எடுத்த கம்பனை நாம் திருடன் என்பதில்லை; கவிச்சக்கரவர்த்தி என்கிறோம். ஆனால் வழிநூலுக்கு நன்னூல் சொல்லும் இலக்கணத்தை நிறுத்திப் படியுங்கள்: "முன்னோர் நூலின் முடிபொருங்கு ஒத்துப், பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி". முன்னோர் சொன்னதோடு ஒத்துப்போய், பின்னால் வருகிறவன் *வேண்டும்* வேறுபாட்டைச் சொல்வது. வேறுபாடு இருந்தால் போதும் என்று அந்த நூற்பா விட்டுவிடவில்லை. பின்னோன் அதை வேண்ட வேண்டும். வகுப்பில் ஆண்டுதோறும் நடத்திய வரியில், இந்த ஒரு சொல்லை அண்ணன் மகளின் மயிலைப் பார்த்த பிறகுதான் நான் உண்மையாகப் படித்தேன். கருவி விகற்பத்தை அள்ளித் தருகிறது. ஒரு நிமிடத்தில் நான்கு. அந்த நான்கில் எதையும் அது வேண்டவில்லை.

வேண்டுதல் என்றால் என்னவென்று பார்க்கத் தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலுக்குப் போக வேண்டும். அங்கே ஒரு தூணில் வில்லோடு ராமன், எதிர்ப்புறத் தூணில் வாலி. ராமன் நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் வாலி தெரிகிறான். வாலி நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால் ராமன் தெரியவில்லை. மறைந்து நின்று அம்பு எய்தது முறையா என்று நூற்றாண்டுகளாக நாம் பட்டிமன்றம் நடத்தும் கேள்வியை, அந்தச் சிற்பி தூண்களின் இடைவெளியில் வைத்துவிட்டான். நாம் இரண்டு இடத்திலும் நின்று பார்க்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறான். அவன் பெயர் நமக்குத் தெரியாது. அந்த விருப்பம் தெரிகிறது.

ஆசிரியர் என்ன விரும்பினார் என்று தேடுவதே தேவையற்றது, படைப்பை மட்டும் பாருங்கள் என்று சொல்லும் வலுவான மரபும் இருக்கிறது. 1946-ல் விம்சாட், பியர்ட்ஸ்லி என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் அப்படி வாதிட்டார்கள். அவர்கள் வழியில் போனால், படம் நன்றாக இருந்தால் போதும். யார் செய்தது என்பது வேண்டாத ஆராய்ச்சி. நான் இதை எளிதாகத் தள்ளவில்லை. சங்கப் பாடல்கள் சிலவற்றை எழுதியவர் பெயரே நமக்கு வந்து சேரவில்லை; பாடல் குறையவும் இல்லை. ஆனால் நம் முன்னோர் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். குறுந்தொகையின் 40-ஆம் பாடலில் செம்மண்ணில் விழுந்த மழைநீர் போல இரு நெஞ்சங்கள் கலந்தன என்ற வரி வருகிறது. பாடியவர் பெயர் தொலைந்துவிட்டது. அந்த உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்றார்கள். முற்றத்தில் அணில் ஆடுவதைப் பாடியவரை அணிலாடு முன்றிலார் என்றார்கள். செம்மண்ணில் நீர் கலப்பதை ஒருவர் கண்டிருக்கிறார், கண்டு மனம் நெகிழ்ந்திருக்கிறார் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்தது. அவருக்கு ஒரு பெயர் இல்லாமல் பாடலை விட அவர்களுக்கு மனம் வரவில்லை.

சரி, கருவியைப் பயன்படுத்துகிறவர் வேண்டினால்? அதுதான் எனக்கு நம்பிக்கை தரும் வழி. ஹெரால்ட் கோஹன் என்ற ஓவியர் 1970-களின் தொடக்கத்திலிருந்து 2016-ல் இறக்கும்வரை ஆரோன் என்ற வரையும் நிரலோடு வேலை செய்தார். அதற்கான விதிகளை அவரே எழுதினார், திருத்தினார், மறுபடி எழுதினார். நாற்பது ஆண்டுக்கு மேல் ஒரு மனிதர் ஓர் எந்திரத்திடம் எதையோ வேண்டிக்கொண்டே இருந்தார். அதற்கும், ஒரு வரி எழுதி நான்கில் ஒன்றைத் தொடுவதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் ஒருவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்தே "நான் போட்டது" என்ற சொல் அவருக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

அண்ணன் மகள் நான்கில் ஒன்றைத் தேர்ந்து, அதைக் கட்டத்தாளில் மாற்றி அப்பாவிடம் கொடுத்தாள். அப்பா பென்சிலை எடுத்து மயில் தோகையில் நிறுத்தினார். "இங்கே ஜரிகை மூன்று விரல் நீளத்திற்குக் கட்டு இல்லாமல் போகிறது. நூல் மிதக்கும். கொலுசு மாட்டி இழுத்துவிடும்" என்றார். வெள்ளிக் கொலுசு செய்யும் ஊரில், கொலுசு மாட்டி நூல் பிரிந்த முந்திகளை எத்தனை பார்த்திருப்பார்! தோகைக்குள் ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் புள்ளி வைத்துக்கொண்டே போனார். கண்கள் போல அந்தப் புள்ளிகள் தோகைக்கு வந்து சேர்ந்தன. அவள் கழுத்தின் வளைவை இரண்டு முறை அழித்துப் போட்டாள். மாங்காயை எடுத்தே விட்டாள்.

அப்பாவிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்த டிசைனுக்கும் முதல் அட்டையின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பார்: போட்டவர் பெயர், எதைப் பார்த்துப் போட்டது. பரணில் இருக்கும் பழைய கட்டுகளில் "தாரமங்கலம் தூண் யாளி" என்றும், "குகை, பெரியம்மா கல்யாணச் சேலைக் கரை" என்றும் இன்னும் படிக்க முடிகிறது. குகை என்பது சேலத்தின் ஒரு பகுதி. இந்த மயிலுக்கு முதல் அட்டையை அவளிடம் நீட்டினார். அவள் தன் பெயரையும் தாத்தா பெயரையும் எழுதினாள். அடுத்த வரியில் பென்சில் நின்றது. கைப்பேசியை எடுத்து, இந்த மயிலை எதைப் பார்த்துப் போட்டாய் என்று கருவியிடமே கேட்டாள். தென்னிந்தியப் பட்டு மரபின் பொதுவான வடிவங்கள் என்று பதில் வந்தது. அப்பா அதை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

"ஊர்ப் பெயர் இல்லையா?" என்றார்.